பத்தொன்பது டிகிரிப் பெரும்போர்

வாழ்க அவன்! கிட்டப்பார்வையரைக் கரைசேர்த்தவன், தூரப்பார்வையரின் துயர்துடைத்தவன், கடைவீதியின் பதினோராம் எண் கடையில் சுழல்நாற்காலிக்குப் பின்னே நின்று, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்னும் ஒற்றை வினாவால் இருபத்திரண்டு ஆண்டுகளாக மானுடத்தைத் திணறடித்தவன், படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் கழிப்பறையும் ஒருங்கே அமைந்த புத்தம்புதிய கேம்பர் வேனின் அதிபதி, கண்ணாடிக்கடைக்காரன் வாழ்க! அவன் வெற்றியைப் பாட வந்தோம். வெற்றி வரத் தாமதமானால், அதுவரை நடந்ததைப் பாடுவோம்.

போருக்கு ஒரு காரணம் வேண்டும். காரணம் அவன் மனைவி. அவள் நகரப் பேருந்தின் ஓட்டுநர். சந்தை வாசல் நெரிசலில் ஒரு தள்ளுவண்டியின் பெயின்ட்டைக்கூட உரசாமல் நாற்பது அடிப் பேருந்தைத் திருப்புகிறவள். சர்க்கரை என்னும் சிற்றரசன் இருபது வயதிலேயே அவள் உடலில் கொடி நாட்டிவிட்டதால், நாளுக்கு மூன்று முறை இன்சுலின் போட்டுக்கொள்கிறவள். சேமித்து வைக்கும் அந்த மருந்தோ, இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் இடைப்பட்ட குளிரில் மட்டுமே குடியிருக்கச் சம்மதிப்பது. மூன்று கோடைகளுக்கு முன் ஏரிக்கரையில் நான்கு நாள் தங்குவது என்று புறப்பட்ட படை, ஒரு தெர்மகோல் பெட்டியையும் கொஞ்சம் ஐஸ்கட்டியையும் நம்பிப் போய், இரண்டாம் நாள் நண்பகலில் ஐஸ் வெந்நீராகவும் மருந்து வெறும்நீராகவும் மாறக் கண்டு, தலைசுற்றலோடு வீடு திரும்பியது. அன்று அவள், கடைசி நிறுத்தத்தை அறிவிக்கும் குரலில், கோபமே இல்லாமல் சொன்னாள்:

"இனிமே நான் எங்கயும் வரல. நம்ம வீட்டு ஃபிரிட்ஜ் எங்க இருக்கோ, அங்கதான் நானும்."

ஃபிரிட்ஜ் போகாத இடத்துக்கு அவள் போகமாட்டாள் என்றால், ஃபிரிட்ஜைப் போகவைப்பேன் என்று அன்றிரவு சூளுரைத்தான் நாயகன். அந்தச் சூளுரைக்கு மூன்று ஆண்டுகள் கழித்து முளைத்த நான்கு சக்கரங்களே அந்த வேன். அவளும் டெப்போ மேலாளரிடம் மூன்று முறை எழுதிக் கொடுத்து எட்டு நாள் விடுப்பு வாங்கியிருந்தாள். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கடலை நோக்கிப் புறப்பாடு.

வண்டி வந்த நாளை எப்படி வருணிப்போம்! வெண்பட்டு உடுத்த மலைபோல் தெருவை அடைத்து நின்றது அது. உச்சி முதல் டயர் வரை, கதவு, இருக்கை, அடுப்பு, கைப்பிடி என ஓரங்குலம் விடாமல், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பிளாஸ்டிக் உறை அதன் மேனியை மூடியிருந்தது. வண்டியை ஒப்படைக்க வந்த மெக்கானிக், வழக்கமாகச் செய்வதுபோல் பக்கவாட்டுத் தகட்டில் உறையின் ஒரு மூலையை நகத்தால் கிள்ளினார்.

"இந்தக் கவர உரிச்சுடறேன் சார்."

மேகம் இரண்டு மோதினாற்போல் எழுந்தது நாயகன் குரல். "கைய எடுங்க! கவர் மேல இருக்கறவரைக்கும்தான் சரக்கு ரிட்டர்ன் ஆகும்!"

இது அவன் குலதர்மம். கண்ணாடி பிரேம் அனுப்பும் கம்பெனிகள் உறையோடு திரும்பும் பிரேமை வாங்கிக்கொள்ளும், உறை உரிந்த பிரேமை ஏறெடுத்தும் பாரா. ஆகவே அவன் கடையில் வாடிக்கையாளர் காசைக் கையில் கொடுக்கும்வரை எந்த உறையும் உரிக்கப்பட்டதில்லை. காட்சிக்கு வைத்த கண்ணாடியை மாட்டிப் பார்த்த பலர், பிளாஸ்டிக் வழியே தம் முகத்தைக் கண்டு, தமக்குக் கண்புரை வந்துவிட்டதென்று அஞ்சி வீடு சென்றதுண்டு. கேம்பர் வேன் கம்பெனியும் உலகிலுள்ள கம்பெனிகளில் ஒன்றுதானே? குறை ஏதும் இருந்தால் முப்பது நாளுக்குள் உறையோடு திருப்பிக் கொடுப்பது என்று அவனே முடிவுசெய்து, யாரிடமும் கேட்காமல் மனத்தில் முத்திரையிட்டுக்கொண்டான். மெக்கானிக் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். அன்றிலிருந்து நாள்தோறும் மாலையில், லென்ஸ் துடைக்கும் மென்துணியால் அந்த உறையைத் தூசு போகத் துடைப்பதும் அவன் கடமையாயிற்று.

"பாலிதீன் பைக்குள்ள உக்காந்த மாதிரி இருக்குங்க" என்றாள் மனைவி, ஓட்டுநர் இருக்கையில் நெளிந்தபடி.

"பழகிடும்."

முதல் இரண்டு வாரங்களில் சிறுபகைவர் பலர் தலைதூக்கினர். வளைவில் திரும்பும்போதெல்லாம் தானே பாய்ந்து வந்து முழங்காலில் முட்டிய இழுப்பறையை, மூக்குக்கண்ணாடிக்குத் திருகு முடுக்கும் சுண்டுவிரல் அளவு ஸ்குரூடிரைவரால் நாற்பது நிமிடம் போராடி அடக்கினான். மடங்க மறுத்த படிக்கட்டை எண்ணெயிட்டுப் பணியவைத்தான். ரொட்டி சுட்டபோதெல்லாம் ஊளையிட்ட புகை அலாரத்தைத் துணியால் வாய்கட்டினான். வென்றான், வென்றான் என்று எட்டுத் திசையும் முழங்கியிருக்கும். ஆனால் எட்டுத் திசைக்கும் வேறு வேலை இருந்தது.

அப்போது எழுந்தான் பெரும்பகைவன்.

அடுப்புக்குக் கீழே, கருங்கதவு பூண்டு, சத்தமே போடாமல் உட்கார்ந்திருந்தான் அவன். ஃபிரிட்ஜ் என்பது அவன் பெயர். குளிர்விப்பது அவன் தொழில். செய்யாமலிருப்பது அவன் விரதம். விளக்கு எரிந்தது, அடியில் வைத்த கைக்கு லேசாக அதிர்வும் தெரிந்தது. உள்ளே வைத்த வெப்பமானி மட்டும் பத்தொன்பது டிகிரியில் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருந்தது. திங்கட்கிழமை பத்தொன்பது. குமிழைக் கடைசி எண் வரை திருகிய செவ்வாய்க்கிழமையும் பத்தொன்பது.

இப்போர்க்களத்தை நாள்தோறும் காண ஒருவன் வந்தான். நாயகனின் மைத்துனன், மனைவியின் தம்பி, நகராட்சி நீச்சல்குளத்தில் உயிர்காப்பாளன். உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, யாராவது மூழ்குகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பதே அவன் தொழிலாதலால், ஐந்து மணிக்கு மடக்கு நாற்காலியோடு வந்து, வேனுக்கு எதிரே விரித்து, அதே பார்வையோடு அமர்ந்தான்.

"என்ன மாமா, இன்னிக்கு எத்தனை?"

"பத்தொன்பது."

"நேத்து?"

"உனக்கு வேற வேலையே இல்லையா மாப்ள?"

"இதான் மாமா என் வேலை."

புதன்கிழமை, சர்வீஸ் சென்டருக்கு ஓலை போயிற்று. அதாவது, போன் போயிற்று. பதினோரு நிமிடம் இசை கேட்டபின் ஒரு குரல் அருளியது: "வண்டி சமமா நிக்குதா சார்? இந்த மாடல் ஃபிரிட்ஜ் சாஞ்சு நின்னா குளிராது. புது வண்டி வேற, செட் ஆகணும்."

சமம்! தெருவோ வடக்கிலிருந்து தெற்காகச் சரிவது. கொத்தனாரிடம் ரசமட்டத்தை இரவல் வாங்கிவந்து ஃபிரிட்ஜின் நெற்றியில் வைத்தான் நாயகன். உள்ளிருந்த நீர்க்குமிழி ஒரு பக்கம் ஒதுங்கிக் கைகொட்டிச் சிரித்தது. பலகைகள் கொண்டுவந்தான். முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு ஒன்று, ஒன்றன்மேல் இன்னொன்று. தானே வண்டியை ஏற்ற முயன்று, ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டியைப் போர்க்களத்தில் பலிகொடுத்தான். பணிமுடித்து, சீருடையோடு வந்த மனைவி பையைக்கூடக் கீழே வைக்காமல் ஏறி உட்கார்ந்து, ஒரே மூச்சில் வேனைப் பலகை மேல் ஏற்றி நிறுத்தினாள். குமிழி நடுவில் வந்து நின்றது, தண்டனைக்கு நின்ற மாணவன் போல.

"இப்ப சமம்தானே?"

"இம்மி பிசகல. இனிமே பாரு."

வியாழக்கிழமை காலை, பத்தொன்பது.

அன்று அவன் அடுக்கடுக்காய் ஏவிய அஸ்திரங்களை என்னென்போம்! மேசைவிசிறியை ஃபிரிட்ஜுக்குள்ளேயே வைத்து ஓட்டினான். கதவின் ரப்பர் பட்டையைத் தன் கடையின் பூதக்கண்ணாடியால் அங்குலம் அங்குலமாக ஆராய்ந்து, ஒரு தலைமுடியைக் கண்டெடுத்து, குற்றவாளியைப் பிடித்துவிட்டதாக ஊரறிய முழங்கினான். வெயில் படாதிருக்க வண்டிமேல் படுக்கைவிரிப்புகளை விரித்தான். அதனால் அவ்வெண்மலை, யாரோ துணி காயப்போட்ட குன்றுபோல் நின்றது. நீச்சல்குளத்தான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். யாரோ மூழ்குவதை அவன் தொழிற்கண் கண்டுகொண்டது.

"மாமா, பேசாம ஒரு ஐஸ் பெட்டி வாங்கிக்குங்களேன்."

அந்தச் சொல் மூன்று கோடைகளுக்கு முந்திய தெர்மகோல் பெட்டியைத் தெருவுக்கே இழுத்துவந்தது. வீட்டு வாசலில் நின்ற மனைவி தம்பியைப் பார்த்தாள். அவன் செருப்பைப் பார்த்தான். பிறகு அவள் கணவனிடம், கடைசி நிறுத்தத்து அதே குரலில் சொன்னாள்:

"நாளைக்கு ராத்திரிக்குள்ள எட்டுக்குக் கீழ வரலைன்னா விடுங்க. நான் வீட்ல இருந்துக்கறேன். நீங்களும் அவனும் போய்ட்டு வாங்க. வண்டி வாங்கியாச்சு, சும்மா நிக்க வேண்டாம்."

நாயகன் மைத்துனனோடு எட்டு நாள் கடலைப் பார்ப்பது எப்படியிருக்கும் என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தான். போய் ரசமட்டத்தை மறுபடி வைத்துப் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, நாயகனின் பதினேழாவது போனுக்கு இரங்கி, மெக்கானிக் வந்தார். அன்று வண்டியை ஒப்படைக்க வந்த அதே மெக்கானிக். அவர் ஃபிரிட்ஜைத் திறக்கவே இல்லை. பலகைகளையும் படுக்கைவிரிப்புகளையும் பார்த்தார். வண்டியின் இடப்பக்கம் போய், ஜன்னலுக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாய் இருந்த, வரிவரியாய்த் துளையிட்ட இரண்டு காற்றுத் தட்டுகளின் மேல் உள்ளங்கையை வைத்தார். ஃபிரிட்ஜின் உள்ளிருக்கும் சூடெல்லாம் வெளியேற வேண்டிய வாசல்கள் அவை. வாசல் இரண்டையும், மாசுமறுவின்றி, நாள்தோறும் லென்ஸ் துணியால் துடைக்கப்பட்டுப் பளபளத்த அந்தப் பிளாஸ்டிக் உறை அடைத்திருந்தது.

"மூச்சு விட வழியில்லாம உள்ள வெந்துக்கிட்டு இருக்கு சார். இத உரிச்சா ராத்திரியே குளிர்ந்துடும்."

ஐயகோ! ஆறு மீட்டர் தொலைவில் அரிசியளவு எழுத்தைப் பிறரைப் படிக்கவைத்தவன், ஒரு சாண் தொலைவில் இருந்ததைத் தான் படிக்காமல் போனானே! ஆனால் அப்போதும் அவன் குலதர்மம் தலைவணங்கவில்லை. மெக்கானிக்கின் விரல் உறையின் மூலையை நாட, இருகரம் விரித்து, முதுகு தகட்டில் ஒட்ட, கோட்டைவாயிலில் நின்ற கடைசி வீரன்போல் குறுக்கே பாய்ந்தான்.

"நில்லுங்க! இன்னும் பதினோரு நாள் இருக்கு! கவர உரிச்சுட்டா நாளைக்கு ஒரு குறைன்னு வந்தா இத யார் திருப்பி எடுப்பா? வண்டியையே மாத்தித் தாங்க!"

"புது வண்டி வர மூணு மாசம் ஆகும் சார்."

"ஆகட்டும்!"

மனைவி வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டாள். அவள் கையில் நாளைய பயணத்துக்கு எடுத்துவைத்த மருந்துப் பெட்டி இருந்தது.  பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வீட்டு ஃபிரிட்ஜின் கதவு திறந்து மூடும் ஓசை தெருவரை கேட்டது.

முரசு நின்றது. கொடி சாய்ந்தது.  நாயகன் திரும்பினான், தட்டின் மூலையில், இருபத்திரண்டு ஆண்டுகளாகக் காசு வாங்காமல் எந்த உறையையும் உரித்திராத அந்த நகத்தை வைத்தான், இழுத்தான். சர்ரென்று கிழிந்தது உறை. உள்ளே அடைபட்டிருந்த வெப்பம் முகத்தில் அடித்தது. மேல்தட்டு, கீழ்த்தட்டு, பிறகு கதவு, கைப்பிடி, இருக்கை, அடுப்பு என நிறுத்தத் தெரியாதவனாய், மத்தகம் பிளக்கும் சிங்கமென, வாழைமடல் உரிக்கும் யானையென, உரித்து உரித்துத் தெருவில் எறிந்தான்; உறைகள் காற்றில் எழுந்து, தோற்ற படையின் ஆவிகள்போல் பக்கத்து வீட்டு வேலியில் போய்த் தொங்கின. மைத்துனன், தன் தொழில்வாழ்வில் அன்றுதான் முதன்முறையாக, நாற்காலியை விட்டு எழுந்து உதவிக்கு வந்தான்.

"முடிஞ்சுது!" என்று நெஞ்சுயர்த்தி அறிவித்தான் நாயகன். "இனி இது திரும்பாது! குறையோ நிறையோ, இனி இது நம்ம வண்டி!"

மெக்கானிக் கையெழுத்துக்குத் தாளை நீட்டினார்.

"எங்ககிட்ட ரிட்டர்னே கிடையாது சார், கவர் இருந்தாலும் இல்லாட்டியும். நான் அன்னிக்கே உரிக்க வந்தேன், நீங்கதான் விடல."

மறுநாள் காலை ஃபிரிட்ஜ் நாலு டிகிரி காட்டியது, அவள் மருந்தை எடுத்துவந்து உள்ளே வைத்தாள், ஏழேகாலுக்குக் கிளம்பிவிட்டார்கள்.