கஜபதி கட்டிவைத்த குழாய்

ஒரு பொருள் கெட்டுப்போகக் கூடாது என்பதற்காக அதை யாரையும் தொடவிடாத ஓர் இனம் நம்மிடையே உண்டு. கல்யாணத்துக்கு மாமனார் போட்ட வாட்சைப் பட்டாபிராமில் உள்ள தன் வீட்டுப் பீரோவில் தூங்கவிட்டு, ரயிலில் பக்கத்து ஆளிடம் மணி கேட்டுக்கொண்டே அம்பத்தூருக்கு வேலைக்கு வரும் கஜபதி, அந்த இனத்தில் முதல் தரம்.

அவர் பெயிண்ட் கம்பெனி ஒன்றின் சோதனைக்கூட அதிகாரி. எழுபத்திரண்டில் அங்கே கண் கழுவும் குழாய் ஒன்றை வைத்தார்கள். கண்ணில் அமிலம், காரம் எது தெறித்தாலும் ஓடிப்போய் அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சும். வெள்ளிதோறும் திறந்துபார்த்து அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவு. கஜபதி அதற்கு பிளாஸ்டிக் உறை தைத்து, சணலால் கட்டி, வெள்ளிதோறும் உறையைத் துடைத்து, சுற்றிவந்து, தள்ளி நின்று பார்த்துப் பூரித்து, ‘நன்றாக வேலை செய்கிறது’ என்று கையெழுத்திடுவார். திறந்து பார்த்தாரா? எதற்கு? தேய்ந்துபோகாதா?

உதவியாளர் லோகநாதன் ஒருமுறை கேட்டே விட்டார். “ஆபத்துக்குன்னு வெச்சதுப்பா. சும்மா சும்மா தொறந்தா அந்த நேரத்துக்கு இருக்குமா?” என்றார் கஜபதி.

ஒரு வருஷம் ஓடியது. ஒரு வியாழன் மத்தியானம் காரக் கரைசல் அவருடைய வலது கண்ணிலேயே தெறித்தது. லோகநாதன் அவரைக் குழாய்க்கு இழுத்துப்போன அந்தப் பத்தடியில், கண் போய்விடுமோ என்று கஜபதி நடுங்கிப்போனார். அட்டையில் இருந்தவை ஐம்பத்திரண்டு கையெழுத்துகள். ஆனால் குழாயில் தண்ணீர் வந்து அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

உறை ஒரே இழுப்பில் கழன்றது. தண்ணீர் பளிங்காகப் பீய்ச்சியது.

கால் மணி நேரம் கழுவினார்கள். கண் தப்பியது. முகத்தை நிமிர்த்தியதும் அவர் கேட்ட முதல் கேள்வி: “என் முடிச்சை அவுத்தது யாரு?”

கூட்டிப் பெருக்கும் அங்கம்மா முன்னால் வந்தாள். “நான்தான் சார். தெனம் இதுலதான் சோத்துத் தூக்கு கழுவிக்கினு, திரும்ப சும்மா ஒரு சுருக்கு போட்டு வெக்கிறேன். மொதல்ல துருத் தண்ணியா வந்துச்சு. இப்போ நல்லா கீது.”

கஜபதிக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாக நன்றி சுரந்தது. மறுவாரமே புது எவர்சில்வர் தூக்கு ஒன்று வாங்கிவந்து, அவள் பெயரும் பொறித்து, இரண்டு கையாலும் கொடுத்தார்.

கொடுத்துவிட்டுச் சொன்னார்: “பத்திரம் அங்கம்மா. இத தெனம் எடுத்தாராதே, கீறல் வுழுந்துடும்.”

சிரிப்பு வருகிறதா? சிரியுங்கள். அப்படியே எழுந்துபோய், உங்கள் பீரோவின் மேல்தட்டையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.