செல்வரட்ணம் வாங்கிய புட்டுக்குழல்

சாம்பல் புதனன்று, நெற்றியில் வைத்த சாம்பல் உதிருமுன், இந்தத் தவக்காலம் முழுக்கப் பொய்யே சொல்வதில்லை என்று செல்வரட்ணம் தீர்மானம் எடுத்தார். வெள்ளிக்கிழமை பின்னேரம், "கோயிலுக்கு, சிலுவைப்பாதைக்குப் போட்டு வாறன்" என்று மனைவி மக்டலீனிடம் சொல்லிவிட்டுத் துவக்குச் சுடப் போனார்.

டோர்ட்மண்டில் அவர்கள் இருக்கும் பக்கத்தில் ஒரு துவக்குச் சுடும் கழகம் உண்டு. பாண் தொழிற்சாலையில் கூட வேலை செய்யும் ஹெல்மூட் ஒருநாள் பியர் குடிக்கலாம் என்று அங்கே கூட்டிக்கொண்டு போனான். பியருக்குப் போனவர் கொஞ்ச நாளில் துவக்குக்குச் சொந்தக்காரர் ஆனார். காற்றுத் துவக்குத்தான். லைசன்ஸ் தேவையில்லை. ஆனால் பார்வைக்கு அசல் கார்பைன். ஊரில் ஆமிக்காரன் சந்தியில் நின்று அடையாள அட்டை கேட்கும்போது வைத்திருக்கிற சாமான் மாதிரியே இருக்கும். அதைக் கீழே கெல்லர் என்கிற நிலவறையில், பிள்ளைகளின் பழைய தொட்டிலுக்குப் பின்னால், ஒரு பெட்டியில் பூட்டி வைத்திருந்தார்.

வெளியே தெரிந்தால் மானம் போகும். ஏனென்றால் மக்டலீனைப் பொறுத்தவரை அவர் ஊர்ச் சண்டைக்குள் இருந்து வந்த, வெடிச்சத்தம் தாங்காத மனுசன். ஆங்கில வருசப்பிறப்புக்கு ஊரே வாணம் விடும்போது அவள் யன்னலெல்லாம் அடைத்து, பக்கத்தில் இருந்து, அவர் கையைப் பிடித்துக்கொள்வாள். பிள்ளைகளுக்கு ஒரு மத்தாப்புக்கூட வாங்கிக் கொடுத்ததில்லை. முதல் சில வருசம் அவருக்கு உண்மையாகவே நெஞ்சு பதறியது. பிறகு பதறவில்லை. கை பிடித்திருப்பது சுகமாக இருந்தது, சொல்லாமல் விட்டுவிட்டார். கெல்லரில் தனியே நிற்கும்போதும் அதை நினைத்தால் அவருக்கு முகம் சுடும்.

ஆனால் ஆசை வெட்கம் பார்க்கிறதா? கழகத்தில் எல்லாருடைய துவக்கிலும் முன்பக்கத்தில் அலுமினிய ஹான்ட்ஷுட்ஸ். சுடுகுழலைச் சுற்றி மூடியிருக்கும் உறை அது. இரண்டு பாதியாக வரும், அதில்தான் கை வைத்துப் பிடிப்பது. மேலே பல்லுப் பல்லாய் ஒரு தண்டவாளம் ஓடும். லைற்றோ தொலைநோக்கியோ வேண்டியதை அதில் கொளுவலாம். செல்வரட்ணத்தின் துவக்கில் இருந்தது வெறும் பிளாஸ்ரிக். ஷாம்பூப் போத்தலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய் என்று ஹெல்மூட் சிரித்தான். வருகிற ஞாயிறு கழகத்தில் ஊர்ச்சனம் வந்து பார்க்கும் நாள். அதற்குள் மாற்றிக் காட்டுகிறேன் பார் என்று செல்வரட்ணம் சொல்லிவிட்டார்.

இணையத்தில் கட்டை, நடு, நீட்டு என்று மூன்று நீளம் இருந்தது. அளந்து பார்த்து வாங்குங்கள் என்றும் எழுதியிருந்தது. பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்குகிற பழக்கத்தில், எதற்கும் பெரிதாக இருக்கட்டும் என்று நீட்டை எடுத்தார்.

வியாழக்கிழமை அவர் வேலைக் களைப்பில் படுத்துக் கிடந்தபோது பார்சல் வந்துவிட்டது. எழும்பி வந்தால், குசினி மேசையில் அது பிரித்துக் கிடந்தது. பக்கத்தில் மக்டலீன்.

"இஞ்சேருங்கோ, இது என்ன?"

கறுப்பாக ஒரு குழாய். சுற்றிவர ஓட்டை.

"அது... புட்டுக்குழல்."

"புட்டுக்குழலோ."

"ஓம். புது மாதிரி. எல்லாப் பக்கத்தாலயும் ஆவி போகும். ஆணியைக் கழட்டினால் ரெண்டாப் பிரியும். தடியால தள்ளத் தேவையில்லை."

"மேல இந்தப் பல்லு என்னத்துக்கு?"

"தேங்காய் துருவ."

"இதிலயோ?"

"ஜெர்மன்காரன் ஒண்டுக்கு ரெண்டாத்தான் யோசிப்பான்."

மக்டலீன் குழலைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "குசினிக்கெண்டு நீங்களா நினைச்சு வாங்கின முதல் சாமான் இது," என்றாள். நிலம் பிளந்தால் உள்ளே போயிருப்பார் செல்வரட்ணம்.

அன்றைக்கே அவள் குழலைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, கொதிதண்ணியில் போட்டு எடுத்து, உள்ளே வெள்ளைத் துணி சுற்றிப் புட்டு அவித்தாள்.

"முதல் அவிச்சது வாங்கின ஆளுக்கு. எப்பிடி?"

"நல்லா இருக்கு."

"மிசின் எண்ணெய் மணக்குதோ?"

"சீச்சீ. நெய் வாசம்."

"நான் நெய் போடேல்லையே அப்பா."

வெள்ளி காலையும் புட்டு. வெள்ளி இரவும் புட்டு. சனிக்கிழமை பக்கத்து வீட்டுப் பிறேமா வந்து குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணை, எனக்கும் ஒண்டு எடுத்துத் தாங்கோவன். எந்தக் கடை?"

"முடிஞ்சுது. இதுதான் கடைசி."

"பேரைச் சொல்லுங்கோ, நான் கேட்டுப் பாக்கிறன்."

"கடையையே பூட்டிட்டாங்கள்."

"ஐயோ பாவம். அப்ப நாளைக்கு இதைக் கோயிலுக்குக் கொண்டு போறன். பூசை முடியப் பெண்டுகள் எல்லாரும் பாக்கட்டும்."

"அதுக்கென்ன, கொண்டு போங்கோ," என்றாள் மக்டலீன்.

பிறேமா குழலைத் தன் பைக்குள் வைக்கப் போனாள். நாளைக்குக் கழகம். ஹெல்மூட்டின் சிரிப்பு. செல்வரட்ணத்தின் வாய் தன்பாட்டில் திறந்தது.

"அதை விடுங்கோ, பிறேமா. அது துவக்கின்ர சாமான்."

பிறகு நிறுத்த முடியவில்லை. கெல்லர், கழகம், போகாத சிலுவைப்பாதை, பதறாத நெஞ்சு, எல்லாம் வந்தது. பிறேமா மெதுவாகச் சிலுவை போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தாள். நாளைக்குப் பூசை முடியுமுன் பங்குச்சனம் முழுக்கத் தெரிந்துவிடும். மக்டலீன் மட்டும் புட்டுத் துணியை நாலாக மடித்தாள்.

"வாங்கோ. பூட்டிக் காட்டுங்கோ பாப்பம்."

மூவரும் கெல்லருக்கு இறங்கினார்கள். செல்வரட்ணம் பழைய பிளாஸ்ரிக்கைக் கழற்றினார். புதிய உறையின் கீழ்ப்பாதியைச் சுடுகுழலோடு வைத்தார். முன்னால் குறிபார்க்கும் தூண் குறுக்கே நின்றது. ஒரு விரல் நீளம் கூட. தள்ளிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். உள்ளே ஒட்டியிருந்த புட்டுமா சப்பாத்தில் கொட்டியது.

"அளந்தனீங்களோ?" என்றாள் மக்டலீன்.

"எதுக்கும் பெரிசா இருக்கட்டும் எண்டு..."

"துவக்கு வளருமோ அப்பா?"

பிறேமா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"திருப்பி அனுப்பலாம்," என்றார்.

"புட்டு அவிச்சதையோ?"

"நீ அவியாமல் விட்டிருக்கலாமே."

"பார்சல் வந்த அண்டைக்கே கொண்டந்து வைச்சுப் பாத்தனான். பூரேல்லை, நீளம் கூட. ஏன் வீணாக்குவான் எண்டு அவிச்சன்."

"பெட்டி பூட்டியெல்லோ இருந்தது."

"திறப்பைச் செபமாலைப் பைக்குள்ளதானே வைக்கிறனீங்கள். செபமாலையை நான் எடுக்கிறனான்."

செல்வரட்ணம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "எப்ப தொடக்கம் தெரியும்?"

"மார்கழி."

"அப்ப வருசப்பிறப்புக்கும் தெரியும். தெரிஞ்சுகொண்டே கையைப் பிடிச்சனீ?"

"பிடிச்சுத்தான் பாத்தன். ஒரு சொட்டு நடுக்கம் இல்லை. இண்டைக்குச் சொல்லுவார், நாளைக்குச் சொல்லுவார் எண்டு இருந்தன்."

மக்டலீன் துவக்கை எடுத்து, பழைய பிளாஸ்ரிக்கைத் தானே மாட்டி, தோளில் வைத்து ஒருதரம் சுவரைக் குறி பார்த்தாள்.

"நாளைக்கு எத்தினை மணிக்கு?"

ஞாயிற்றுக்கிழமை கழகத்தில் மக்டலீன் சுட்டாள், ஹெல்மூட் கைதட்டினான். செல்வரட்ணம் பின்மேசையில் நின்று, அந்தப் புட்டுக்குழலின் ஆணியைக் கழற்றிக் கழற்றி வந்தவர்களுக்கெல்லாம் புட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.