மூன்றாவது பாட்டுக்குப் பின் கேட்கும் குரல்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உன் உடம்பும் உன் வேலையும் உன் ஊர்க் குளிரும் ஒன்றோடொன்று சண்டை போடாமல் இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். குளியலறைக் குழாய்தான் சௌக்கியமில்லை. அது நீ இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நீ நெற்றியைச் சுருக்குவது தெரிகிறது. போனில் நான் விஷயத்துக்கு வருவதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. கடிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. தவிர, இது அலுவலக விஷயம்.

நான் வேலை பார்க்கும் இசைக் கலைக்களஞ்சியத்தில் இந்த மாதம் என் பங்குக்கு வந்திருப்பவை லைவ் ஆல்பங்கள், அதாவது மேடையில் பாடியதை அப்படியே பதிவு செய்து வெளியிட்டவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டுரை எழுத வேண்டும். அதில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதுதான் வேலையே. நீ நினைப்பதுபோல நாள் முழுக்கப் பாட்டுக் கேட்டுச் சம்பளம் வாங்கவில்லை. எந்த அரங்கு, யார் யார் வாசித்தார்கள், பாட்டுகளின் வரிசை, விமர்சகர்கள் என்ன சொன்னார்கள், இவை உள்ளே. பாடகர் அன்று போட்டிருந்த சட்டை வெளியே. இரண்டுக்கும் நடுவில் பெரிய சேற்றுநிலம் ஒன்று இருக்கிறது அக்கா, நான் தினமும் முழங்கால் வரை நிற்பது அங்கேதான். எங்கள் பதிப்பாசிரியருக்கு அலுவலகத்தில் கத்தரி என்று பெயர். அது அவருக்கும் தெரியும், உள்ளூரப் பெருமைதான். எதைக் கொண்டுபோனாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி: "அது பாட்டை மாத்துச்சாம்மா?" ஒரு கச்சேரியில் கிதார் கம்பி அறுந்தது என்று எழுதியிருந்தேன். "அறுந்து?" என்றார். "வேற கம்பி மாட்டினாங்க சார்." "வெட்டு." இன்னொரு கச்சேரியில் கரண்ட் போய், டிரம்ஸ்காரர் மட்டும் இருட்டிலேயே வாசித்துப் பாட்டை முடித்தார். "அது இருக்கட்டும்." மழையைப் பற்றிக் கேட்டேன். "கூரை மேல பெஞ்சா வெட்டு. மைக் மேல பெஞ்சா வை." நியாயமான மனுஷன் என்றுதான் நினைத்திருந்தேன், உன் ஆல்பம் என் மேஜைக்கு வரும்வரை.

எது என்று உனக்கே தெரியும். நீ ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முந்தைய நாள் சாயங்காலம், பெட்டி வாயைப் பிளந்துகொண்டு கட்டிலில் கிடக்க, "நீ அடுக்கிடுடி, என் தங்கம்ல" என்று வேலையை என் தலையில் கட்டிவிட்டு ஓடினாயே, அந்தக் கச்சேரி. நான் இங்கே உன் ஸ்வெட்டர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது நீ அங்கே கத்திக்கொண்டிருந்தாய். திரும்பி வந்தபோது உன் தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. மறுநாள் விமான நிலையத்தில் எங்களிடம் நீ விடைபெற்றது முழுக்கக் கைஜாடையில். சூட்கேஸுக்குப் பக்கத்தில் நின்று நீ என்னவோ பெரிதாகக் காட்டினாய். அது 'ஒழுங்காகச் சாப்பிடு' என்றும், இல்லை 'சீக்கிரம் வந்துவிடுவேன்' என்றும் அப்பாவுக்கும் எனக்கும் இன்றுவரை வழக்கு நடக்கிறது. "போறப்ப ஒரு வார்த்தை பேசாம போயிட்டா" என்று அவர் இப்போதும் சொல்கிறார், ஏதோ நீ கோபித்துக்கொண்டு போனதுபோல.

அந்த ஆல்பத்தில் மூன்றாவது பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கும் இடத்தில் ஒரு பெண் குரல் வருகிறது: "அந்த மெதுவான பாட்டு! இப்பவே!" பாடகர் சிரித்துவிட்டு, "சரிம்மா, பாடிடறேன், திட்டாதீங்க" என்று கடைசியில் பாட வேண்டியதை அப்போதே பாடிவிடுகிறார். அந்த 'இப்பவே' உன்னுடையது. முன்பின் தெரியாத மனிதரை இவ்வளவு உரிமையோடு அதட்டுகிற ஆள் இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? ஆகவே, முழு மனநிதானத்துடன் கட்டுரையில் இப்படி எழுதினேன்: 'மூன்றாவது பாட்டின் முடிவில் கட்டுரையாளரின் அக்கா குரல் கொடுத்ததால் பாட்டுகளின் வரிசை மாறியது.'

கத்தரி கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "யாரும்மா இந்தக் கட்டுரையாளரின் அக்கா?"

"என் அக்கா சார். பாட்டை மாத்திட்டா சார், நீங்களே கேட்டுப் பாருங்க."

கேட்டார். "மாத்தத்தான் செஞ்சிருக்கு. வாக்கியம் இருக்கட்டும், அக்கா வேண்டாம். ரசிகர் ஒருவர்னு போடு."

"எங்க அக்காவைப் பார்த்தா ரசிகர் ஒருவர் மாதிரியா சார் இருக்கு?"

"நான் உங்க அக்காவைப் பார்த்ததே இல்லையேம்மா."

"நானும் பார்த்து ரொம்ப நாளாச்சு சார்."

இது என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை. வீட்டு விஷயத்தை நான் அலுவலகத்தில் பேசுகிறவள் இல்லை. அவர் கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகித் திருகி மூடினார். பிறகு, "ஆதாரம் இருந்தா வை. ஆனா சாட்சி நேர்ல வந்து சொல்லணும். போன், ஈமெயில் எதுவும் செல்லாது" என்றார். அப்படி ஒரு விதி எங்கள் கையேட்டில் எங்கேயும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

அன்று வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு அந்த இடத்தைப் போட்டுக் காட்டினேன். ஹெட்ஃபோன் மாட்டினால் உலகத்துக்கே காது கேட்காது என்று நினைப்பு அவருக்கு, "எங்கம்மா? ஒண்ணும் கேக்கலையே!" என்று மாடிவீடு வரை கத்தினார். அப்புறம் கேட்டுவிட்டது. "இன்னொரு தரம் போடு" என்றார். மறுபடியும் மறுபடியும் போட்டேன். கடைசியில், "பாட்டு சுமார்தான்" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். இப்போது தினமும் வேலையிலிருந்து வந்ததும், சட்டைகூட மாற்றாமல், அந்தச் சுமாரான பாட்டைக் கேட்கிறார். பிரிவைப் பற்றிப் பெரிய பெரிய புத்தகங்களையெல்லாம் படித்தவள் நான். நம்மை ஒருவர் அதட்டாமல் போனால் வீடு இவ்வளவு பெரிதாகிவிடும் என்று அவற்றில் ஒருவரும் எழுதிவைக்கவில்லை.

அதனால் அக்கா, உத்தியோகபூர்வமாகக் கேட்டுக்கொள்கிறேன். கட்டுரை மாதக் கடைசியில் ஏறுகிறது. அதற்குள் நீ வந்து, எங்கள் அலுவலகத்தில் கத்தரியின் எதிரே நின்று, ஒரே ஒரு முறை 'இப்பவே' என்று கத்த வேண்டும். உன் ஆபீஸில் லீவு தரமாட்டோம் என்றால், கலைக்களஞ்சியப் பணி என்று சொல். 'அடுத்த வருஷம் கண்டிப்பா' என்று மட்டும் எழுதாதே. அந்த வாக்கியத்துக்கும் ஆதாரம் கிடைக்கவில்லை.

உனக்கு ஆசி சொல்ல எனக்கு வயது போதாது. அப்பாவின் ஆசியைத்தான் அனுப்பலாம் என்றிருந்தேன். "வந்தா நேர்ல தர்றேன்னு எழுது" என்கிறார்.

இப்படிக்கு,
நீ பெயர் வைத்த
புத்தகப் புழு

பி.கு.: இந்தக் கடிதம் தபால்பெட்டிக்குப் போகாமல் என் கைப்பையிலேயே கிடந்ததில், இன்று அந்த ஆல்பத்தின் ஒலிப்பதிவாளர் கூப்பிட்டுவிட்டார். விவரம் கேட்டு வைத்திருந்தவள் நான்தான். "முதல் நாள் பாதியில மைக் ஒண்ணு செத்துப்போச்சும்மா. மூணாவதும் நாலாவதும் மறுநாள் கச்சேரில எடுத்து ஒட்டினது. ஒட்டு தெரியுதா? தெரியாது!" என்று ஒரே சந்தோஷம் அவருக்கு. மறுநாள் அந்த நேரத்தில் நீ தொண்டை கட்டிப்போய் மேகத்துக்கு மேலே உட்கார்ந்திருந்தாய். இது பாட்டை மாற்றுகிற விவரம் என்பதால் கட்டுரையில் சேர்த்தாயிற்று. 'ரசிகர் ஒருவர்' என்று நானே திருத்திவிட்டேன். கத்தரி படித்துப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. கூடத்தில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, யார் வீட்டுப் பெண்ணோ கத்துவதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறார். ஆக, சாட்சி சொல்ல நீ வரவேண்டியதில்லை. சும்மா வா.