தூங்கி எழுத வேண்டிய பரீட்சை

மயிலாப்பூர்,
வியாழக்கிழமை மதியம்.

பாசமுள்ள டீனா அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி ஆனி தோத்திரம் சொல்லி எழுதுவது. மஸ்கட்டில் நீங்களும் அண்ணனும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே அத்தை சுகம், மாமா சுகம், நான் சுகம். உங்கள் தம்பியும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் அவர் சுகமா இல்லையா என்று கண்டுபிடிக்கத்தான் செவ்வாய்க்கிழமை இரவு அத்தனை கூத்தும் நடந்தது.

போனில் சொல்லாமல் காகிதத்தில் எதற்கு என்று நினைப்பீர்கள். உங்கள் போனில் பாதி நேரம் சின்னவன் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறான். மீதி நேரம் நீங்கள் சமைத்துக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கிறீர்கள். இது ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கிற விஷயம் இல்லை. லீவில் வந்திருக்கும் உங்கள் பக்கத்து ஃபிளாட் ஜஹீதா அக்கா நாளைக்குத் திரும்புகிறார். கவரை நன்றாக ஒட்டி அவர் கையில் கொடுக்கிறேன். எனக்கு எதிரில் நிற்பவர்களிடம் பேச வராது என்பது உங்களுக்கே தெரியும். பெண் பார்க்க வந்த அன்று என்ன படித்திருக்கிறாய் என்று நீங்கள் என்னைக் கேட்க, எங்கம்மாதான் மீன் கூடையை ஓரமாக வைத்துவிட்டு, "பி.காம். எங்க வூட்ல மொத டிகிரி. வாய மட்டும் காலேஜ்லயே வச்சுட்டு வந்துட்சு" என்று பதில் சொன்னது நினைவிருக்கும்.

அதனால் முதலிலேயே எழுதிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை இரவு அவருக்கு நடந்த தூக்கப் பரிசோதனை குறட்டைக்கு இல்லை, அண்ணி.

கல்யாணமாகி எட்டு மாதம் ஆகிறது. அத்தை மாதாமாதம் காலண்டரைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார். வேளாங்கண்ணிக்கு வெள்ளித் தொட்டில் நேர்ந்திருக்கிறார். தொட்டிலுக்கு முந்தின கட்டமே எங்களுக்கு இன்னும் வரவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. பஸ்ஸில் ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுக்கிறார், மீன் குழம்பில் தலையை எனக்கு ஒதுக்குகிறார், பள்ளியில் பையன்கள் கணக்குத் தாளில் எழுதிவைக்கும் அபத்தங்களை எனக்கென்று சேர்த்துக்கொண்டு வந்து சொல்கிறார். விளக்கை அணைத்தால் மட்டும் கேள்வித்தாளைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோன பையன் மாதிரி ஆகிவிடுகிறார். நான் பேசாமல் இருப்பேன். அவர் சாரி சொல்வார். நான் பரவாயில்லை என்று சொல்ல நினைத்து, அது வெளியே வருவதற்குள் அவர் சுவர்ப் பக்கம் திரும்பியிருப்பார்.

வீட்டில் யாரையும் குறை சொல்ல முடியாது. எங்களுக்காக எவ்வளவு பார்க்கிறார்கள்! கல்யாணமான நாளிலிருந்து ஒன்பது மணிக்கு டிவியை அணைத்துவிடுகிறார்கள். ஹாலில் உரக்கச் சொல்லிவந்த ஜெபமாலையை அத்தை இப்போது உதட்டோடு சொல்கிறார். மாமா இருமலைத் துண்டால் பொத்திக்கொள்கிறார். "சின்னஞ்சிறுசுங்க, தொந்தரவு பண்ணக் கூடாது" என்று ஃபேனைக்கூட ஒன்றில்தான் வைக்கிறார்கள். எங்கள் வீட்டுச் சீராக வந்த கட்டில் ஒன்றுதான் வீட்டிலேயே சத்தம் போடுகிற பொருள்.

உங்கள் தம்பி முதலில் தி.நகரில் ஒரு லாட்ஜுக்குப் போனார். பஸ் ஸ்டாப் சுவரிலெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருக்குமே, மாதம் ஒருமுறை வந்து ரூம் போட்டு வைத்தியம் பார்க்கிறவர், அவரிடம். வரிசையில் இவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் நம் கோயில் பாட்டுக்குழுவில் கீபோர்டு வாசிப்பவர். இருவரும் ரூம் வாடகை விசாரிக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டார்களாம். இருவருக்கும் சொந்த வீடு மயிலாப்பூரில். இப்போது கோயிலில் பார்த்தால் ஒருவருக்கொருவர் மிகவும் மரியாதையாக வணக்கம் சொல்லிக்கொள்கிறார்கள்.

அதற்குப் பிறகுதான் அடையாறு பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் டாக்டர் சண்முகசுந்தரத்தைப் பார்த்தோம். நல்ல மனிதர். சிரிக்காமல் பேசினார். ஆரோக்கியமான ஆண்களுக்குத் தூக்கத்தில், கனவு வரும் நேரங்களில், உடம்பு தானாகவே விறைத்து அடங்குமாம், ஒரு இரவில் பல முறை. தூங்க வைத்து அதை அளந்தால் நரம்பிலும் ரத்த ஓட்டத்திலும் கோளாறு உண்டா, இல்லை பயமும் கவலையும்தான் காரணமா என்று பிரித்துச் சொல்லலாமாம். "சார், தூக்கத்துல நடக்கறதுக்கு நான் எப்படிப் பொறுப்பு?" என்று இவர் கேட்டார். "நீங்க பொறுப்பில்லாத நேரத்துல பாக்கறதுதான் டெஸ்ட்டே" என்றார் டாக்டர். தலையில் சில வயர்கள், மூக்கில் ஒன்று, மற்ற இடத்தில் இரண்டு மெல்லிய வளையங்கள். அதற்கு மேல் எழுத மாட்டேன், நீங்கள் இரண்டு பிள்ளை பெற்றவர்.

அன்று சாயங்காலம் பீச்சில் உட்கார்ந்திருந்தபோது அவர் சொன்னதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன், சுற்றிக்கொண்டு போய்விட்டேன். லீவு லெட்டர் எழுதுகிற குரலில் சொன்னார். "ஆனி, உடம்புலதான் கோளாறுன்னு வந்துச்சுன்னா நானே பிஷப் ஹவுஸுக்கு எழுதிடறேன். இந்த மாதிரி கல்யாணத்த ரத்து பண்ண திருச்சபைச் சட்டத்துல எடம் இருக்கு. விசாரிச்சுட்டேன். நீ படிச்ச பொண்ணு. உன் லைஃப் என்னால வீணாக வேணாம்."

நான் "சுண்டல் ஆறுது" என்றேன். அண்ணி, எட்டு மாதம் கூட இருந்த மனிதர் என்னை விடுதலை செய்கிறேன் என்கிறார், எனக்கு வந்த வார்த்தை அதுதான்.

இனி செவ்வாய்க்கிழமை. வீட்டில் தூக்கப் பரிசோதனை என்று மட்டும் சொன்னோம், குறட்டை என்று அவர்களே முடிவுசெய்துகொண்டார்கள். மாமா முப்பது வருஷம் வாத்தியாராக இருந்தவர் அல்லவா, "தூங்காம படிச்சு எழுதற பரீட்சை பாத்திருக்கேன். தூங்கி எழுதற பரீட்சையா? உனக்குன்னே வச்சிருக்காங்கடா" என்று அனுப்பிவைத்தார். அதோடு முடிந்திருக்கும். நீங்கள் பாசத்தில் நம் தெரு ஜெபக் கூட்டமான அன்பியம் குரூப்பில் ஒரு செய்தி போட்டீர்களே. "என் தம்பி டெரிக் ஆஸ்பத்திரியில் அட்மிட். இரவு முழுவதும் சோதனை. விழித்திருந்து ஜெபியுங்கள்."

விழித்திருந்தார்கள் அண்ணி. எல்லோரும் ஆஸ்பத்திரிக்கே வந்து விழித்திருந்தார்கள். நம் தெருவில் ஒருவரை அட்மிட் செய்தார்கள் என்றால் போய்ப் பார்க்காதவர் மனிதரே இல்லை. ரொட்டி வந்தது, ஹார்லிக்ஸ் வந்தது, சாத்துக்குடி வந்து கட்டிலுக்கடியில் உருண்டது. தலையில் வயரோடு மகனைப் பார்த்ததும் அத்தை, "ஐயோ, என் புள்ளைய கரண்ட்ல போட்டுட்டாங்களே!" என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். டெக்னீஷியன் காஷிஃப் என்று ஒருவர், பொறுமைசாலி, "கரண்ட் இல்லம்மா, ரெக்கார்டிங்தான், நீங்க தண்ணி குடிங்க" என்று அவரைத் தூக்கிவிட்டார். அதற்குள் மாமா தம் பிசிக்ஸ் மூளையோடு ஒவ்வொரு வயராக விரலால் தொட்டுக்கொண்டே போகிறார். "இது மூளை. இது கண்ணு. இது மூச்சு. இது..." போர்வைக்குள் போகிற வயரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அறையில் அத்தனை பேரும் அந்த வயரைப் பார்க்கிறார்கள். உங்கள் தம்பி மேலே ஃபேனைப் பார்க்கிறார். நான் சாத்துக்குடி பொறுக்கிக்கொண்டிருந்தவள் கட்டிலுக்கடியிலேயே இருந்துவிட்டேன். மாமா கடைசியில், "இது எர்த்தா இருக்கும்" என்றார். காஷிஃப் கண் சிமிட்டாமல், "ஆமா சார், எர்த்து" என்றார். அவர் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, அந்தப் பொய் பாவக்கணக்கில் வராது.

பிறகு அன்பியத் தலைவி ஜெயசீலி டீச்சர் ஜெபமாலையை எடுத்தார். "மேடம், பேஷண்ட் தூங்கணும்" என்றார் காஷிஃப். "தூங்கட்டுமே தம்பி, நாங்கதான் முழிச்சிருக்கோமே" என்றார் டீச்சர். செவ்வாய்க்கிழமை ஆனதால் இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் துயர மறையுண்மைகள். ஜெபமாலையில் பத்து மணி கொண்ட ஒரு பத்து மட்டும் என்று ஆரம்பித்து ஐந்து பத்தும் ஆனது. மூன்றாவது பத்தில் உங்கள் தம்பி கொட்டாவி விட்டுக் கண்ணை மூடினார். எல்லோரும் கிளம்பட்டும் என்று நடிக்கிறார் போல என்று நினைத்தேன். ஜெபம் முடிந்ததும் கைதட்டி ஒரு பாட்டுப் பாடினார்கள். கண்ணைத் திறந்தவர் திறந்தவர்தான். நர்ஸ் வந்து எல்லோரையும் அனுப்பிய பிறகு விடிகிறவரை மூடவில்லை. "சார் தூங்கவே இல்ல மேடம். டெஸ்ட் எடுக்காத மாதிரிதான்" என்றார் காஷிஃப். மறுபடி சனிக்கிழமை இரவு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அண்ணி, எனக்கு இரண்டு விடையும் பயமாக இருக்கிறது. உடம்பில் கோளாறு என்றால் பிஷப் ஹவுஸ். உடம்பில் ஒன்றுமில்லை என்றால், அப்போது நான்தானே காரணம் என்று இரவெல்லாம் யோசிக்கிறேன். ஆனால் விடையே தெரியாமல் அவர் தினம் சுவர்ப் பக்கம் திரும்புவதைப் பார்க்க இன்னும் பயமாக இருக்கிறது. எனக்கு விடுதலை வேண்டாம். அவர் என்னைக் கேட்கவில்லை, கேட்காமல் நானாகச் சொல்லிப் பழக்கமில்லை. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

அதனால் உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். சனிக்கிழமை ஒருவரும் வரக் கூடாது. டெரிக்குக்குக் குறட்டை குணமாகிவிட்டது என்று குரூப்பில் போட்டுவிடுங்கள். அத்தையிடம் நீங்கள் சொன்னால்தான் கேட்பார். ஜெபம் வேண்டாம், பாட்டு வேண்டாம், ஒரு சத்தமும் வேண்டாம். எங்களுக்கு இப்போது வேண்டியது அமைதி ஒன்றுதான்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். அண்ணனுக்குத் தோத்திரம், அவர் கண்ணில் இந்தக் காகிதம் படாமல் இருக்கட்டும். மாதாவின் கை உங்கள் வீட்டின் மேல் எப்போதும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்களையே நம்பியிருக்கும்
ஆனி.

பி.கு. (அடுத்த புதன்கிழமை): ஜஹீதா அக்காவின் தங்கைக்கு நிச்சயம் வைத்துவிட்டதால் அவர் பயணம் தள்ளிப்போய்விட்டது. கடிதம் என் கைப்பையிலேயே கிடந்தது. இதையெல்லாம் இன்னொரு முறை எழுத எனக்குத் தைரியமில்லை, அதனால் இதையே அனுப்புகிறேன். ஆனால் மேலே கேட்டதையெல்லாம் தயவுசெய்து அடித்துவிடுங்கள்.

பாலவாக்கத்தில் சிநேகிதி வீட்டுக் கல்யாண ரிசப்ஷன் என்று சொல்லிவிட்டுச் சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒருவரும் வரவில்லை. நான் கேட்ட அமைதி அப்படியே கிடைத்தது. அவருக்குத் தூக்கம் வரவில்லை. "ஆனி, நம்ம ரூம்லயும் இப்படித்தான் இருக்கு. எல்லாரும் மூச்சப் பிடிச்சுக்கிட்டு நம்மளயே கேட்டுக்கிட்டு இருக்கற மாதிரி" என்றார். சின்ன வயதில் எப்படித் தூங்குவீர்கள் என்று கேட்டேன். "அம்மா ஜெபமாலை, அப்பா நியூஸ், அதுக்கும் மேல அக்கா கத்தி மனப்பாடம் பண்ணும். மூணாவது பத்துல நான் அவுட்." செவ்வாய்க்கிழமைக் கொட்டாவி அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அது நடிப்பில்லை.

அண்ணி, நான் வாயைத் திறந்தேன். சனிக்கிழமை, மகிழ்ச்சி மறையுண்மைகள். மூன்றாவது பத்தில் தூங்கிவிட்டார். நிறுத்தினால் விழித்துக்கொள்வாரோ என்று பயந்து மாதா பிரார்த்தனையும் சொன்னேன். அதுவும் தீர்ந்ததும், வேறு ஒன்றும் நினைவுக்கு வராமல், எங்கம்மா நொச்சிக்குப்பம் ரோட்டோரத்தில் கூவுகிற கூவலை மெல்லச் சொல்ல ஆரம்பித்தேன். காலையில் காஷிஃப், "வஞ்சிரத்துலேர்ந்து நெத்திலி வரைக்கும் சூப்பரா ரெக்கார்ட் ஆயிருக்கு மேடம்" என்றார்.

நேற்று டாக்டர் சொல்லிவிட்டார். உடம்பில் ஒரு குறையும் இல்லை. பயம்தான். இருவரும் சேர்ந்து வந்து பேச வேண்டுமாம், போகிறோம். திரும்பும்போது ஆட்டோவில் அவர் பாலம் வரை ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தார். பிறகு, "அப்ப மனசுதான் ஃபெயிலா?" என்றார். நான் சொன்னேன், டிரைவருக்குக் கேட்கும்படியே சொன்னேன்: "ஃபெயிலும் இல்ல, பாஸும் இல்ல. எனக்கும் பயம்தான். ஆனா பிஷப் ஹவுஸுக்கு நீங்க எழுதினா மறுப்பு நான் எழுதுவேன். என்னக் கேக்காம என்ன விடுதலை பண்ணாதீங்க." டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "இன்னா சார், அக்காவே சொல்லுது, உட்டுட்டு வேற வேலயப் பாரு" என்றார். உங்கள் தம்பி சிரித்தார். பீச்சில் சுண்டலுக்குப் பதிலாகச் சொல்லியிருக்க வேண்டியதை ஆட்டோவில் சொல்லிவிட்டேன்.

எங்கள் குப்பத்தில் ஒரே அறையில் எத்தனை பேர் குடும்பம் நடத்துகிறார்கள்! கடல் இரைச்சல்தான் எங்களுக்குக் கதவு. உங்கள் வீட்டில் எங்கள் மேல் உள்ள பிரியத்தில் சத்தத்தையெல்லாம் அடக்கி அந்தக் கதவைக் கழற்றி வைத்துவிட்டார்கள்.

ஆகவே அத்தையிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். இனி ராத்திரி ஹாலில் உட்கார்ந்து ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணியையும் பழையபடி உரக்கச் சொல்லட்டும். ஜெயசீலி டீச்சரையும் அழைத்துக்கொள்ளட்டும். மாமா நியூஸைச் சத்தமாக வைத்துவிட்டுத் தாராளமாக இருமட்டும். ஏன் என்று கேட்டால், குறட்டைக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து என்று சொல்லுங்கள்.

பாட்டும் பாடலாம். கைதட்டியே பாடலாம்.