நான் எறிந்த ரசம்

எனக்குப் பேச வராது. ஊமை இல்லை. கேட்டால் பதில் சொல்வேன், ஒரு வார்த்தையில். பேசாத ஆள் வம்பில் மாட்டாது என்று எல்லாருக்கும் ஒரு நினைப்பு. தப்பு. நாங்கள் கையால் மாட்டிக்கொள்வோம்.

தொண்ணூற்றாறாம் வருஷம், நியூ ஜெர்சியில் பிஸ்கட்டவே என்று ஓர் ஊர். என் வீட்டுக்காரருக்கு மருந்துக் கம்பெனிக் கிடங்கில் பெட்டி அடுக்குகிற வேலை. அவர் தங்கச்சி சாந்திக்கு சாப்ட்வேர் வேலை. எங்களுக்கு ஒற்றை ரூம் அபார்ட்மெண்ட். அவளுக்குப் புது வீடு, மாடி, பால் நிறத்தில் கார்பெட்.

சாந்தி வீட்டில் அடிக்கடி விசேஷம் நடக்கும். பர்த்டே, வளைகாப்பு, யாருக்காவது கிரீன் கார்டு. (ஒரு தடவை புது டிவிக்குக்கூட. பெரிய டிவிதான், ஒத்துக்கறேன்.) முதல் நாளே போன் வரும்.

"மதினி, உங்க கைப்பக்குவம் யாருக்கு வரும்? கொஞ்சம் சீக்கிரமா வந்துருங்க."

கொஞ்சம் சீக்கிரம் என்றால் விடிந்ததும். ஹாலில் ஆன்ட்டிகள் உட்கார்ந்து எந்த ஸ்கூல் நல்லது என்று பேசுவார்கள். நான் உள்ளே வடை தட்டுவேன். எட்டாவதோடு நின்றவளுக்கு ஹாலில் என்ன வேலை என்று யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியதே இல்லை. எண்ணெய்ச் சட்டி உள்ளேதானே இருந்தது.

எனக்கு ஒரே ஆசை. ஒரு நாளாவது அந்த ஹாலில் நான் நிற்க வேண்டும், எல்லாரும் என்னைப் பார்க்க வேண்டும். பார்த்தார்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் கீழ் வீட்டில் டோரத்தி என்று ஓர் அமெரிக்க அம்மாள். பிளாஸ்டிக் டப்பா விற்பவர். கடையில் இல்லை, வீடு வீடாகவும் இல்லை. ஒருத்தி தன் வீட்டுக்கு நாலு பேரைக் கூப்பிட்டு, காபி கொடுத்து, டப்பா காட்ட வேண்டும். வந்தவர்கள் வாங்கிவிடுவார்கள். (காபியைக் குடித்துவிட்டு வெறுங்கையோடு எப்படிக் கிளம்புவது?) லாண்டரி ரூமில் என்னைப் பிடித்துக்கொண்டார். நீயும் விற்கலாம் என்றார். எனக்கு இங்கிலீஷும் வராது, பேச்சும் வராது என்று கையை ஆட்டினேன். சிரித்தார். ஒரு வீடியோ கேசட் தந்தார்.

போட்டுப் பார்த்தேன். ஐம்பதுகளில் எடுத்த கருப்பு வெள்ளைப் படம். ஒரு வீட்டு ஹால். தொப்பி, கையுறை, குதிகால் செருப்போடு பெண்கள். நடுவில் ஓர் அம்மாள் டப்பா நிறையத் திராட்சை ஜூஸ் ஊற்றுகிறாள். மூடியை அமுக்குகிறாள். ஹாலின் குறுக்கே வீசுகிறாள். எதிரே இன்னொருத்தி பிடிக்கிறாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. எல்லாரும் கை தட்டுகிறார்கள்.

கடையில் தூங்கிக் கிடந்த டப்பாவை வீட்டு ஹாலுக்குக் கொண்டுவந்தது இந்த மாதிரிப் பெண்கள்தானாம். டோரத்தி சொன்னதில் எனக்குப் பாதி புரிந்தது, மீதியை வீட்டுக்காரர் சொன்னார். ஜூஸ் எறிந்த அந்த அம்மாள் பேரும் படமும் வராத பத்திரிகை இல்லையாம். கடைசியில் கம்பெனி அவரையே வீட்டுக்கு அனுப்பிவிட்டதாம். (இது கேசட்டில் இல்லை. டோரத்தி குரலை இறக்கிச் சொன்னது.)

என் மனசில் நின்றது வேறு. படத்தில் அந்த அம்மாள் வாயையே திறக்கவில்லை. எறிந்தார், விற்றார். இது நமக்குச் சரிப்படும் என்று முடிவு பண்ணினேன். அமெரிக்காவில் எனக்கென்றே ஒரு தொழில் ஐம்பதுகளிலிருந்து காத்திருக்கிறது என்று நம்பினேன். (கொழுப்புதான்.)

வீட்டில் ஒத்திகை பார்த்தோம். டப்பாவில் தண்ணீர் ஊற்றி எறிந்தேன். வீட்டுக்காரர் பிடித்தார். கட்டில் நனையவில்லை.

"பரவால்லியே. பேசாமலே பொழச்சுக்குவ போலிருக்கே" என்றார். அந்த வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அது ஒன்றுதான்.

எங்கள் ரூமில் நாலு பேர் உட்கார முடியாது. சாந்தியிடம் ஹாலைக் கேட்டேன்.

"தாராளமா மதினி. கார்பெட் மட்டும் புதுசு, பாத்துக்கங்க. அப்புறம், வர்றவங்களுக்கு அப்படியே சாப்பாடும் பண்ணிருங்களேன்."

என் விசேஷத்துக்கும் நானே சமைத்தேன்.

ஆன்ட்டிகள் வந்தார்கள். டோரத்தியும் வந்தார், வெள்ளை கவுனில், முத்து மாலையோடு. கையில் ஒரு வடை. நான் பட்டுப்புடவை. ஹால் நடுவில் நின்றேன். ஜூஸ் பாட்டிலைத் திறந்தேன்.

வசந்தா ஆன்ட்டி கையைத் தூக்கினார். கெமிஸ்ட்ரியில் டாக்டர் பட்டம். அவர் பேசினால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

"ஜூஸ் எல்லாம் யார் வேணா எறியலாம்மா. நம்ம வீட்ல ஜூஸா வெக்கறோம்? ரசம் தாங்குமா?"

"தாங்கும்."

"சூடா இருந்தா?"

"இருந்தாலும்."

அதுவரைக்கும் அன்று நான் பேசியது அவ்வளவுதான். இரண்டு வார்த்தை. இரண்டும் தப்பு.

நேரே உள்ளே போனேன். அடுப்பில் ரசம் அப்போதுதான் நுரை கட்டியிருந்தது. டப்பா நிறைய ஊற்றினேன். மூடியை அமுக்கினேன். ஹாலுக்கு வருவதற்குள் மூடி பூரி மாதிரி உப்பியது. பார்த்தேன். பார்த்துவிட்டு, நல்ல இறுக்கம் என்று சந்தோஷப்பட்டேன். இப்படி ஒரு மூளை.

டோரத்திக்கு ரசம் தெரியாது. ஏதோ ஜூஸ் என்று நினைத்துவிட்டார். "த்ரோ, ஹனி!" என்று கை தட்டினார்.

"ஆன்ட்டி, பிடிங்க" என்றேன். எறிந்தேன்.

பாதி வழியில் 'டப்' என்று ஒரு சத்தம். மூடி ஒரு பக்கம் போனது. ரசம் எல்லாப் பக்கமும் போனது. வசந்தா ஆன்ட்டி டப்பாவைச் சரியாகப் பிடித்தார். உள்ளே ஒன்றும் இல்லை.

நல்லவேளை, பறந்ததில் ஆறிவிட்டது. மனுஷர் யாருக்கும் சுடவில்லை. கார்பெட்டுக்குச் சுட்டது. டோரத்தியின் தலையில் ஒரு மிளகாய், மூக்கில் கறிவேப்பிலை. அந்த அம்மாள் எதையும் தட்டிவிடவில்லை. எழுந்தார். ஆன்ட்டி கையிலிருந்த டப்பாவை வாங்கி எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார்.

"பாருங்க, ஒரு கீறல் இல்ல!" என்றார், இங்கிலீஷில்.

யாரும் வாங்கவில்லை.

"மதினீ..." என்றாள் சாந்தி. அதற்கு மேல் அவளுக்கும் பேச்சு வரவில்லை. முதல் தடவையாக என் மாதிரி ஆனாள்.

"சூடு ஆவியாகி மூடியைத் தள்ளும். சிம்பிள் கெமிஸ்ட்ரி" என்றார் வசந்தா ஆன்ட்டி.

"அது பிசிக்ஸ்" என்றார் இன்னொரு ஆன்ட்டி.

"எதுவா இருந்தா என்ன, முன்னாடியே சொல்லக்கூடாதா ஆன்ட்டி?" என்றாள் சாந்தி.

"அவங்கதான் தாங்கும்னு சொன்னாங்களே!"

நான் மண்டி போட்டுத் துடைத்தேன். கெமிஸ்ட்ரியா பிசிக்ஸா என்று மேலே சண்டை நடந்தது. நடுநடுவே யோசனை சொன்னார்கள். ஒருத்தர் வினிகர் என்றார், ஒருத்தர் சோடா மாவு, ஒருத்தர் எலுமிச்சம்பழம். எல்லாவற்றையும் போட்டேன். இலங்கை அளவு இருந்த மஞ்சள் கறை இந்தியா அளவு ஆனது. கடைசியில் சோபாவை இழுத்து அதன் மேல் போட்டார்கள். அந்த வீட்டை விற்கிற வரைக்கும் சாந்தி புருஷன் பெரிய டிவியைக் கழுத்தைத் திருப்பித்தான் பார்த்தார்.

டப்பாக்களை டோரத்தி திருப்பி எடுத்துக்கொண்டார். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. அந்த முன்னோடி அம்மாளையே வெளியே அனுப்பின தொழில், நான் எம்மாத்திரம்?

அடுத்த விசேஷத்துக்குச் சீக்கிரம் வரச்சொல்லி முதல் நாள் போன் வரவில்லை. எல்லாரையும் போல மத்தியானம் போனேன். பழக்கதோஷத்தில் உள்ளே திரும்பினேன்.

"ஐயோ மதினி! நீங்க உக்காருங்க! ஒண்ணையும் தொடாதீங்க!"

மற்ற வீடுகளிலும் அப்படித்தான். பிஸ்கட்டவேயில் எல்லார் வீட்டுக் கார்பெட்டும் பால் நிறம். என் கையில் தண்ணீர் டம்ளர் இருந்தால்கூட ஓடி வந்து வாங்கிக்கொள்வார்கள். அன்றிலிருந்து நான் ஹாலில்தான் உட்காருகிறேன். சாந்திதான் வடை தட்டுகிறாள். கல் மாதிரி இருக்கும். நான் ஒன்றும் சொல்வதில்லை. எனக்குத்தான் பேச வராதே.

சமீபத்தில் சாந்தி மகள் கல்யாணம். மாப்பிள்ளை அமெரிக்கப் பையன். பந்தியில் யாரோ ஒரு பையன் ரசம் கொண்டுவந்தான். அவ்வளவுதான், எங்கள் வரிசை முழுக்க இரண்டு கையையும் பந்து பிடிக்கிற மாதிரி ஏந்தியது. தமிழ் பேச வராத பிள்ளைகள்கூட, "கேட்ச்!" என்று கத்தின. மாப்பிள்ளை திருதிருவென்று விழித்தான். சாந்தி அவன் பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள், கருப்பு வெள்ளைப் படத்திலிருந்து. கேட்டு முடித்துவிட்டு அவன் என்னைப் பார்த்தான். பயந்துகொண்டே அவனும் கையை ஏந்தினான்.

நானும் ஏந்தினேன்.