மிஷின் எனக்கு ஹாய் சொன்னது

ஒரு வியாதியைப் பற்றி ஐந்து வருடம் படித்தவன், அது தனக்கே வந்தால் தைரியமாக இருப்பான் என்று நினைக்காதீர்கள். அவன்தான் முதலில் அலறுவான். நான் அலறினேன், அதுவும் மாமனார் முன்னால்.

என் ஆராய்ச்சி, ரத்தக்குழாயின் உள்சுவரில் இருக்கும் செல்களைப் பற்றியது. அடிபட்ட இடத்தில் புதுக் குழாய் முளைக்க, ‘வளரு’ என்று உடம்பு அந்தச் செல்களுக்குச் செய்தி அனுப்பும். ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டால் அவை அதைச் சரியாகக் காதில் வாங்காது. புண் ஆறாது. (இதைக் கண்டுபிடித்தவன் நானில்லை. மாமனார் அப்படி நம்பினார், நானும் திருத்தவில்லை.)

மாமனாருக்குக் கச்சிராயபாளையத்தில் கரும்புத் தோட்டம். சோகை, அதாவது காய்ந்த கரும்பு இலை, கிழித்த காலில் ஒரு மாதமாகப் புண். சர்க்கரை பார்க்கலாம் என்றால் கோபம் வரும்.

“கரும்பு போடுறவனுக்குலாம் சர்க்கரைன்னா, இந்த ஊர்ல ஒருத்தன் மிஞ்ச மாட்டான்!”

“இவ்ளோ படிச்சிக்கினு இருக்கீங்களே, எங்கப்பாவுக்கு ஒரு வாட்டி சொல்லுங்க” என்று என் மனைவி சுமதி நச்சரித்தாள். தை மாதத்தில் அவளோடும், சர்க்கரை பார்க்கும் ஒரு மிஷினோடும் போய் இறங்கினேன். தோட்டத்தில் வெல்லம் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். சூடான பாகை விரலால் வழித்துத் தின்றேன். (ருசி பார்க்கத்தான். ஆறு முறை.) பிறகு கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்திலேயே மாமனார் எதிரில் உட்கார்ந்தேன்.

“ஒண்ணுமே இல்ல மாமா. மொதல்ல நான் குத்திக்கிறேன், பாருங்க.”

குத்தினேன். மிஷினில் எண் வரவில்லை. இரண்டே இரண்டு ஆங்கில எழுத்து வந்தது. மாமனார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டினார்.

“ஹாய்... இன்னா மாப்ள, மிஷினு உங்களுக்கு ஹாய் சொல்லுது?”

அது ஹாய் இல்லை, ‘ஹை’ என்பதன் சுருக்கம். மிஷினால் அளக்கவே முடியாத அளவுக்குச் சர்க்கரை என்று அர்த்தம்.

எனக்கு நாக்கு வறண்டது. வியர்த்துக் கொட்டியது. (அடுப்பு ஞாபகத்துக்கு வரவில்லை.) காலையில் செருப்பு கடித்த குதிகாலைப் பார்த்தேன். அங்கே என் செல்களெல்லாம் செவிடாகி உட்கார்ந்திருப்பது கண்ணுக்கே தெரிந்தது.

“சுமதி, என் காலு போச்சு!” என்று அலறினேன். “நீ வேற கல்யாணம் பண்ணிக்கோ” என்றும் சொன்னேனாம்.

“அத அப்புறம் பாக்கலாம், மொதல்ல ஆட்டோவுல ஏறுங்க” என்றாள் அவள்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வரைக்கும் மாமனார் என் கையை விடவில்லை. “ஒண்ணும் ஆவாது மாப்ள, நான் இருக்கேன்.” இறங்கும்போது விட நினைத்தார், கை ஒட்டிக்கொண்டிருந்தது.

நர்ஸ் என் விரலைத் தொட்டார். மோந்து பார்த்தார்.

“வெல்லமா சார்?”

கழுவிவிட்டு மறுபடி குத்தினார். தொண்ணூற்றெட்டு. (கை கழுவச் சொல்லி மிஷின் பெட்டியிலேயே படம் போட்டிருந்தது. ஐந்து வருடம் படித்தவன் படமெல்லாம் பார்ப்பானா?)

மாமனார் தானாகவே விரலை நீட்டினார். “எனக்கும் ஒரு குத்து குத்தும்மா. மாப்ள கத்துன கத்துல எனக்கே பயமாப் போச்சு.”

நன்றாகக் கழுவித்தான் பார்த்தார்கள். முந்நூற்றுக்கு மேல். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கால்விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார் டாக்டர். அன்றைக்கே மருந்து ஆரம்பித்தார்கள். மெல்ல மெல்லப் புண் ஆறியது.

மாமனார் இப்போது வெல்லத்தைத் தொடுவதில்லை. என்னைத்தான் விடமாட்டேன் என்கிறார். போன வாரம் மச்சினியின் நிச்சயதார்த்தப் பந்தியில் எல்லோருக்கும் இலை போட்டார்கள். என் இலைக்குப் பக்கத்தில் மட்டும், சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு புது சோப்புக்கட்டி இருந்தது.