ரேடியோ மேடையேறிய படலம்

கடைசி பெஞ்சையே அரியணையாகக் கொண்டு, சோறு உண்ணும்போதும் கணக்குப் போடும்போதும் வாய் ஓயாது முழங்கி, அதனாலேயே ரேடியோ என்னும் பட்டம் பெற்ற ஐந்தாம் வகுப்பின் இரட்டைச்சடை வீராங்கனையே, நீ வாழி! நின் நா வாழி! அந்நா ஓரிடத்தில் உன்னைக் கைவிட்டதையும், நீ அதை மீட்டதையும் பாடத் துணிந்தோம். கேட்போர் கொட்டாவியை அடக்குக.

அவ்வோரிடம் மேடை! போன முறை பள்ளிப் பேச்சுப்போட்டியில் மைக் என்னும் ஒற்றைக்கால் அரக்கன்முன் நின்றதுமே, உச்சிவெயிலில் சட்டியில் மறந்துபோன சிமெண்டுக் கலவைபோல் அவள் நாக்கு இறுகிற்று. வணக்கத்தில் பாதி வெளிவர, மீதியைக் கண்ணீர் கொண்டுபோயிற்று. இம்முறையும் தோற்றால், வகுப்பின் சார்பில் பேசும் உரிமை முதல் பெஞ்சுக்காரனுக்குப் போய்விடும். அப்புறம் அவன் வாயை யார் மூடுவது?

ஆகவே வகுப்பாசிரியை என்னும் போர்க்கலை வல்லாள் பயிற்சி தொடங்கினாள். ‘சாலையில் நடப்பது எப்படி’ என்பது பொருள். நெட்டுருப் போட எழுதி வந்த தாளைப் பிடுங்கினாள். தொடக்கம், நடு, முடிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லே எழுதிய அட்டையைக் கையில் திணித்தாள். குரல் கடைசிச் சன்னலைத் தொடும்வரை சுவரோடு பேசவைத்தாள். முடிவில் பிரம்மாஸ்திரத்தையும் அருளினாள்.

“கூட்டத்தப் பாக்காதடி. ஒரே ஆளப் பாரு. பின்னாடி ஸ்டூல்ல வாட்ச்மேன் உக்காந்திருப்பாரு, அவருக்கு மட்டும் சொல்ற மாதிரி சொல்லு. என்ன ஆனாலும் கண்ண எடுக்காத!”

“அவரு தூங்கிருவாரே டீச்சர்.”

“தூங்கட்டும். உனக்கு இன்னும் நல்லது.”

போர்நாள் புலர்ந்தது. “ரேடியோல இன்னிக்குக் கரண்ட் இல்லடா!” என முதல் பெஞ்சுக்காரன் சங்கம் முழக்கினான். அவளோ மண்டபக் கோடியில் தேய்த்த செம்பெனப் பளபளத்த வாட்ச்மேனின் வழுக்கையைக் கண்டாள். கண்டதும், ஜல்லி லாரியின் பின்கதவு திறந்தாற்போல் கொட்டின சொற்கள்!

அந்தோ! பேச்சு பாதியில் இருக்க, மணியடிக்கும் நேரமென்று வாட்ச்மேன் எழுந்தார், நடந்தார்.

கண்ணை எடுப்பாளா எம் தலைவி? மைக்கைத் துறந்தாள், மேடை இறங்கினாள், “வலப்பக்கம் பார்க்க வேண்டும்! இடப்பக்கம் பார்க்க வேண்டும்!” என்று முழங்கியவாறே எப்பக்கமும் பாராது அவர் பின்னே சென்றாள். வாசலில் குவிந்த செருப்புமலையில் கால் இடறிற்று, வாக்கியம் இடறவில்லை. ஆசிரியை தலையில் கைவைத்துக்கொண்டு ஓட, பள்ளி முழுதும் வெள்ளமெனப் பின்தொடர்ந்தது.

பள்ளி மணியாய்த் தொங்கும் இரும்புத் துண்டின் கீழ், சுத்தியலை ஓங்கியவர் திரும்பினார்.

“என்ன பாப்பா, என்கிட்டயா பேசுற?”

“உங்ககிட்டதான் அண்ணா. அடிச்சிராதீங்க, இன்னும் முடிவு இருக்கு!”

ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. மணியும் காத்திருந்தது. “ஆகவே அவசரப்படாமல் நடப்போம். நன்றி, வணக்கம்!” என அவள் இறுதி அம்பை எய்ய, சுத்தியல் இறங்கிற்று, மணியோசையும் கைதட்டலும் திசைகளை அதிரவைத்தன, திறந்த வாய் மூடாது நின்றான் முதல் பெஞ்சுக்காரன்.

பரிசாக ஒரு பென்சில் டப்பா கொடுத்தார்கள், மூடி சரியாக மூடவில்லை.